பழைய புல்லட், ஜாவாவுக்கு டயர் மாத்துறது, காத்து பிடிக்கிறது: அடிக்கடி வர்ற கேள்விகள்

பெங்களூர்ல அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கம் பழைய வண்டி வெச்சிருக்குற நம்ம ஆளுங்க கேக்குற டயர் சந்தேகம் எல்லாம் சுத்திச் சுத்தி அதே பத்து பதினஞ்சுதான். ஒருத்தருக்கு போன்ல அரை மணி நேரம் சொல்லி முடிச்சா அடுத்த வாரம் அவர் ஃப்ரெண்டு அதையே கேக்குறார். அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன். கேள்வியெல்லாம் அவங்கவங்க கேட்ட மாதிரியே இருக்கு. ஸ்போக் வீல், உள்ள டியூப், இந்த வண்டிகளுக்கு மட்டும்தான் இது. அலாய் வீல் டியூப்லெஸ் கதை வேற.

அண்ணா, என் புல்லட்டுக்கு என்ன சைஸ் டயர்னே தெரியல. பழைய டயர்ல எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சு.

பழைய 350 புல்லட்டுனா முன்னாடி பின்னாடி ரெண்டுமே 3.25-19. மைசூர்ல செஞ்ச ஜாவா 250-க்கு 3.25-16. முதல் நம்பர் டயரோட அகலம், ரெண்டாவது ரிம்மோட விட்டம், ரெண்டுமே இன்ச்.

ஆனா நான் சொன்னேன்னு நேரா போய் வாங்கிடாதீங்க. இந்த வண்டியெல்லாம் நாலஞ்சு கை மாறி வந்தது, நடுவுல யாரோ ஒருத்தர் ஸ்டைலுக்குன்னு 18 இன்ச் ரிம் போட்டு விட்டிருப்பார். ரிம்ம துடைச்சுட்டு டார்ச் அடிச்சு பாருங்க, பெரும்பாலும் அதுலயே சைஸ் குத்தியிருக்கும். டபிள்யூஎம்2 - 19 மாதிரி இருந்தா ரிம் அகலம் 1.85 இன்ச், விட்டம் 19 இன்ச்னு அர்த்தம். அதுதான் உங்க வண்டியோட நிஜம், ஆர்சி புக் இல்ல.

கடையில 90/90-19தான் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான் சார்னு சொல்றாங்க. நம்பலாமா?

நம்பலாம், கணக்கும் சரியா வருது. 90 மில்லிமீட்டர் அகலம், உயரம் அதுல 90 சதவீதம், அதாவது 81. மேல கீழ ரெண்டு பக்கம் சேத்தா 162, ரிம் 483, மொத்தம் 645. பழைய 3.25-19ல உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒண்ணு, அதனால 19 கூட ரெண்டு 3.25, 25.5 இன்ச், 648 மில்லிமீட்டர். மூணு மில்லிமீட்டர் வித்தியாசத்தை வண்டி கண்டுக்காது.

அப்ப பின்னாடி 110 போட்டா இன்னும் கெத்தா இருக்குமே ப்ரோ?

பாக்கறதுக்கு கெத்துதான். 1.85 இன்ச் ரிம்ல 110 டயர ஏத்தினா ரிம் அதோட ரெண்டு ஓரத்தையும் உள்ள இழுத்து பிடிச்சிடும், நடுப்பாகம் மட்டும் கூம்பா நிக்கும், அதனால ரோட்டுல படற ரப்பர் நீங்க நெனச்ச அளவுக்கு கூடாது, வளைவுல சாயறப்போ வண்டி சட்டுனு விழற மாதிரி இருக்கும், போதாக்குறைக்கு செயின் கவர்லயும் மட்கார்டுலயும் உரசும். பழைய வண்டிக்கு கம்பெனி போட்ட சைஸ்தான் அழகுன்னு சொல்ற ஆளு நான். கொஞ்சம் தடியா வேணும்னா பின்னாடி 3.50-19 வரைக்கும் போங்க, அதுக்கும் முன்னாடி செயின் பக்கம் இடம் இருக்கான்னு விரல் விட்டு பாத்துக்கோங்க.

டயர் மேல 54பி, டிடி, நாலு நம்பர், மஞ்சப் புள்ளின்னு என்னென்னமோ இருக்கே?

54 அந்த டயர் தாங்குற எடை, 212 கிலோ. பி-ன்னா (இங்கிலீஷ் P) மணிக்கு 150 கிலோமீட்டர் வரைக்கும் ஓட்டலாம். டிடின்னா டியூப் போடுற டயர், டிஎல்னா டியூப்லெஸ். நாலு நம்பர்தான் முக்கியம்: 2319னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. நம்ம சைஸ் டயர் தினமும் விக்கிற சரக்கு இல்ல, ஜேசி ரோட்டுல சில கடையில பரண் மேல கெடந்தத துடைச்சு "புது டயர் சார்"னு குடுப்பாங்க, பொய் இல்ல, யாரும் ஓட்டாத டயர்தான், ஆனா வயசாகி இருக்கும். காசு குடுக்கறதுக்கு முன்னாடி அந்த நாலு நம்பர தேடுங்க.

மஞ்சப் புள்ளி டயரோட எடை கம்மியான இடம். வால்வு இருக்குற இடம் கனமா இருக்கும்ல, அதனால மஞ்சப் புள்ளிய வால்வுக்கு நேரா வெச்சு போட்டா ரெண்டும் ஈடு கட்டிக்கும்.

பட்டன் நல்லா இருக்கு, ஓட்டுனதே கம்மி. எதுக்கு மாத்தணும்?

நம்ம வண்டியெல்லாம் ஞாயித்துக்கிழமை வண்டி. ஓடி தேயறதுக்கு முன்னாடி வயசாகித்தான் டயர் சாகும். கட்டைவிரல் நகத்த பட்டன்ல, அதாவது ரோட்டுல படற ரப்பர் கட்டையில, அழுத்துங்க. லேசா பள்ளம் விழுந்து திரும்ப எழுந்தா சரி, கல்லு மாதிரி இருந்தா அது ரப்பர் இல்ல. பக்கவாட்டுல, பட்டனுக்கு நடுவுல இருக்குற பள்ளத்துல முடி மாதிரி வெடிப்பு ஓடுதான்னும் பாருங்க. அஞ்சு வருஷம் தாண்டிட்டா வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி பாக்கணும். பெங்களூர்ல ஏப்ரல் மே மாசம் சாயங்காலம் திடீர்னு கொட்டுமே, அந்த முதல் மழையில ரோட்டுல இருக்குற எண்ணெயெல்லாம் மேல வந்து நிக்கும், கல்லான டயரோட அதுல பிரேக் பிடிச்சு பாத்தவங்க இந்தக் கேள்விய கேக்க மாட்டாங்க.

டயர் மட்டும் மாத்திட்டு பழைய டியூபையே போட்டுக்கலாமா?

வேணாம். பல வருஷம் ஓடின டியூப் உப்பி பெருசாகி இருக்கும், புது டயருக்குள்ள போறப்போ எங்கயாவது மடிப்பு விழும், அந்த மடிப்பு உரசி உரசி ஒரு நாள் கிழியும். டியூப் மேல போட்டிருக்குற சைஸும் டயர் சைஸும் ஒத்துப்போகணும், 18 இன்ச் டியூப 19 ரிம்ல இழுத்து மாட்டுற வேலையெல்லாம் கூடாது.

கூடவே ரிம் டேப்பும் புதுசு வாங்குங்க, அற்ப காசு. ஸ்போக்க ரிம்ல இறுக்கி பிடிக்கிற சின்ன நட்டு இருக்கே, நிப்பிள், அது மேல டியூப் நேரா படாம காக்கறது அந்த ரப்பர் பட்டைதான். புதுசு போடறதுக்கு முன்னாடி ரிம் உள்பக்கம் விரல ஓட்டி பாருங்க, எந்த ஸ்போக்காவது நிப்பிள தாண்டி நீட்டிட்டு இருந்தா அரம் போட்டு தேச்சு விடுங்க. துரு இருந்தா சுரண்டிடுங்க.

வீட்டுலயே மாத்தணும்னா என்னென்ன வேணும்?

முனை மழுங்கின சின்ன டயர் லீவர் ரெண்டு, முடிஞ்சா மூணு. ஸ்குரூ டிரைவர் கண்டிப்பா கூடாது. வால்வுக்குள்ள இருக்குற பின்ன கழட்ட சின்ன சாவி. சோப்புத் தண்ணி. டியூப் மேல தடவ பவுடர், குழந்தைக்கு போடுற டால்கம் பவுடரே போதும். வீல படுக்க வைக்க ஒரு பழைய டயர், வெறும் தரையில வெச்சா ஹப்பும் டிரம்மும் அடிபடும். குரோம் ரிம்னா எண்ணெய் கேன துண்டு துண்டா வெட்டி லீவருக்கு அடியில வெச்சுக்கோங்க. எண்ணெய், கிரீஸ் தடவி ஏத்துறவங்கள பாத்திருக்கேன், அது ரப்பர அரிச்சிடும், டயரும் ரிம்ல வழுக்கும், அந்தப் பக்கமே போகாதீங்க.

லீவர் போட்டு நெம்பு நெம்புன்னு நெம்புறேன், கடைசி அரை அடி ஏறவே மாட்டேங்குது. பஞ்சர் கடைக்காரர் மட்டும் எப்படி ரெண்டு நிமிஷத்துல போடுறார்?

அவருக்கு கை பலம் ஜாஸ்தின்னு நெனைக்காதீங்க. டயரோட ஓரத்துல உள்ள இரும்புக் கம்பி வளையம் இருக்கு, பீடுன்னு சொல்வாங்க, அது ரப்பர் மாதிரி இழுபடாது. அந்த வளையம் ரிம்மோட வெளி விளிம்ப விட சின்னது. அப்ப எப்படி உள்ள போகுது? ரிம்முக்கு நடுவுல சுத்தி ஒரு பள்ளம் இருக்கு பாருங்க, பீடு ஒரு பக்கம் அந்தப் பள்ளத்துல இறங்கி உக்காந்தா எதிர்ப்பக்கம் கொஞ்சம் தளர்வு கிடைக்கும். அந்த தளர்வுலதான் டயர் ஏறுது. லீவர் சும்மா வழி காட்டத்தான்.

இப்ப வரிசைய பாருங்க. ஒரு பக்க பீடு ரிம்ல ஏறினதும் டியூபுக்கு லேசா காத்து விடுங்க, வட்டமா நிக்கிற அளவு மட்டும், அப்பதான் முறுக்காது. வால்வ ஓட்டையில விட்டு நட்ட ரெண்டு மரை மட்டும் ஏத்துங்க. ரெண்டாவது பீட வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்துல ஆரம்பிச்சு, அந்த இடத்த முழங்காலால அமுக்கி பள்ளத்துலயே நிக்க வெச்சுக்கிட்டு, அங்கேருந்து ரெண்டு பக்கமும் சோப்புத் தண்ணி தடவி ரெண்டு ரெண்டு இன்ச்சா ஏத்திட்டு வாங்க, கடைசியா வால்வுகிட்ட முடிக்கணும். ஏன் வால்வுகிட்டன்னா டியூப்ல வால்வோட அடிப்பாகம் தடியா இருக்கும், அது பள்ளத்த அடைச்சுக்கும், அங்க பீடு இறங்காது. அங்க ஆரம்பிச்சு எதிர்ப்பக்கம் முடிக்கப் பாத்தா தளர்வே கிடைக்காது, நீங்க சொன்ன அந்த கடைசி அரை அடி இதுதான். கழட்டறப்போ இது அப்படியே தலைகீழ், வால்வுகிட்ட ஆரம்பிக்கணும்.

முடிக்கறதுக்கு முன்னாடி வால்வ விரலால உள்ள தள்ளி விடுங்க, பீடுக்கு அடியில டியூப் மாட்டியிருந்தா விலகிடும். எங்கயாவது ரொம்ப இறுக்கமா வந்தா பலத்த கூட்டாதீங்க, நிறுத்திட்டு எதிர்ப்பக்கம் போய் பாருங்க, பீடு பள்ளத்த விட்டு மேல ஏறி உக்காந்திருக்கும்.

புது டியூப், புது டயர், காத்து அடிச்சு ஒரு மணி நேரத்துல இறங்கிடுச்சு. டியூப் டூப்ளிகேட்டா?

முதல்ல வால்வு வாய்ல எச்சில் தொட்டு வைங்க, குமிழி வந்தா பின்னு லூசு, வேலை முடிஞ்சுது. இல்லன்னா கழட்டறதுக்கு முன்னாடி டயர்ல வால்வுக்கு நேரா சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுக்கோங்க. வெளிய எடுத்த டியூப்ல ஓட்டை எங்க இருக்குன்னு பாத்தாலே யார் தப்புன்னு தெரிஞ்சிடும்.

ரோட்டப் பாத்த பக்கம்னா ஆணி, கோட்டுக்கு எதிர டயர தடவி பாத்தா முனை இன்னும் குத்திட்டு இருக்கும், அதை எடுக்காம அடுத்த டியூப் போடாதீங்க. ரிம்மப் பாத்த பக்கம்னா ஸ்போக், ரிம் டேப். பக்கவாட்டுல சின்னதா, பல் பதிஞ்ச மாதிரி வெட்டு இருந்தா லீவர் கடிச்சது, புது டியூப் ஒரு மணி நேரத்துல இறங்குனா பத்துக்கு எட்டு இதுதான். லீவர ஆழமா விட்டா அதோட முனை அந்தப் பக்கம் டியூபயும் சேத்து பிடிக்கும், அவ்வளவுதான். பக்கத்து பக்கத்துல ரெண்டு வெட்டு இருந்து, போட்டு பல நாள் கழிச்சு இறங்கியிருந்தா அது ரோட்டுப் பள்ளத்துல வண்டிய விட்டு ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல டியூப் நசுங்கினது, காத்து கம்மியா ஓட்டியிருக்கீங்க. வால்வோட அடி கிழிஞ்சிருந்தா அதுக்கு கீழ தனியா ஒரு கேள்வி இருக்கு.

டயர் ஏறிடுச்சு, ஆனா 40ல போறப்போ வண்டி டுக்கு டுக்குன்னு குதிக்குது. ரிம் கோட்டமா?

கோட்டம் எடுக்க குடுக்கறதுக்கு முன்னாடி டயர் ரிம்ல ஒழுங்கா உக்காந்திருக்கான்னு பாருங்க. டயர் பக்கவாட்டுல, ரிம் விளிம்ப ஒட்டி மெல்லிசா ஒரு கோடு சுத்தி வரும். அதுக்கும் ரிம்முக்கும் நடுவுல இடைவெளி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு இடத்துல கோடு உள்ள முங்கிட்டா அங்க டயர் உக்காரல.

காத்த முழுசா இறக்கிட்டு அந்த இடத்துல சோப்புத் தண்ணி தடவி, டயர தரையில நாலு தட்டு தட்டி, 40 பிஎஸ்ஐ (காத்தோட அழுத்தத்த அளக்குற கணக்கு) வரைக்கும் ஏத்துங்க. டயர் மேல அதிகபட்சம் எவ்வளவுன்னு போட்டிருக்கும், அத தாண்டாதீங்க, ஏத்தறப்போ மூஞ்சிய பக்கத்துல வெக்காதீங்க. டப்புனு சத்தம் வந்து உக்காரும். அப்புறம் ஒரு தடவை முழுசா காத்த இறக்கி திரும்ப பிடிங்க, உள்ள டியூப்ல ஏதாவது மடிப்பு இருந்தா விரிஞ்சிடும். இதுக்கப்புறமும் குதிச்சாதான் கோட்டம்.

அம்புக்குறி போட்ட டயர் ஒண்ணு இருக்கு, முன்னாடிக்கும் பின்னாடிக்கும் வேற வேற பக்கம் அம்பு காட்டுது. பிரிண்ட் தப்பா?

சரியாத்தான் போட்டிருக்கான். பட்டன் ரப்பர் ஒரு நீளப் பட்டையா சுத்தி, ரெண்டு முனையும் சாய்வா ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி செஞ்சது. பின் டயர்ல பெரிய இழுப்பு எஞ்சின்ல இருந்து வருது, முன் டயர்ல பிரேக்ல இருந்து வருது, ரெண்டும் எதிர் எதிர் திசை. அந்த இழுப்பு ஒட்ட பிரிக்காம அமுக்குற பக்கமா டயர் சுத்தணும். அதனால ஒரே டயர முன்னாடி போட்டா ஒரு பக்கம், பின்னாடி போட்டா மறுபக்கம். நீளக் கோடு மட்டும் போட்ட முன் டயர் இருக்கே, அத பின்னாடி போடாதீங்க, ஸ்டியரிங்குக்காக செஞ்சது, ஈரத்துல இழுக்காது.

சரி, எவ்வளவுதான் காத்து பிடிக்கணும்?

பழைய 350 புல்லட்டுக்கு தனியா போனா முன்னாடி 18 பிஎஸ்ஐ, பின்னாடி 28. பின்னாடி ஆள் உக்காந்தா ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு கூட்டி 20, 30. ஜாவாக்காரங்க அவங்க மேனுவல பாருங்க, வண்டிக்கு வண்டி மாறும். டயர் மேல போட்டிருக்குற அதிகபட்ச நம்பர பிடிக்கிறது தப்பு, அது டயரோட எல்லை, உங்க வண்டிக்கு சொன்னது இல்ல.

பங்க்ல நீங்க ஒண்ணும் சொல்லலன்னா பையன் ரெண்டுலயும் 35 அடிச்சு விட்டுடுவான், முன் டயர் பந்து மாதிரி துள்ளும். வண்டிய விட்டு இறங்கி நம்பர வாய் விட்டு சொல்லுங்க. பழைய வெளிநாட்டு மேனுவல்ல கிலோவுல போட்டிருந்தா 14.2 ஆல பெருக்குங்க, பிஎஸ்ஐ வரும், பார்னா 14.5.

ஒரு பங்க்ல 28 காட்டுது, அடுத்த பங்க்ல 32, வீட்டுக்கு வந்தா 30. எதை நம்பறது?

சொந்தமா ஒரு கேஜ் வாங்கி அதை மட்டும் நம்புங்க. அது ஒண்ணு ரெண்டு தப்பா காட்டினாலும் தினமும் ஒரே மாதிரி தப்பா காட்டும், அது போதும். காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் குளிர்ந்து இருக்கறப்போ பாக்கணும். ஓசூர் ரோட்டுல ஒரு மணி நேரம் ஓட்டிட்டு பாத்தா மூணு நாலு ஏறித்தான் இருக்கும், ஐயோ ஜாஸ்தியாயிடுச்சுன்னு இறக்கி விட்டுடாதீங்க, ஆறினதும் கம்மியாயிடும்.

நைட்ரஜன் போட்டா நல்லதா?

சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். உங்க காசு, உங்க இஷ்டம்.

சென்னையில காத்து பிடிச்சுட்டு பெங்களூர் வந்தா மேடுல காத்து கூடும்னு ஒருத்தர், குளுருல குறையும்னு ஒருத்தர். எது சரி மச்சி?

ரெண்டு பேருமே சரி. பெங்களூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் மேல, இங்க வெளிக்காத்தோட அழுத்தம் சென்னைய விட கிட்டத்தட்ட 1.5 பிஎஸ்ஐ கம்மி. கேஜ் காட்டறது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம், அதனால மேடு ஏறினா 1.5 கூட காட்டும். இன்னொரு பக்கம், 30 பிடிச்ச டயர்ல ஒவ்வொரு 10 டிகிரி குளுருக்கும் 1.5 பக்கம் இறங்கும். சென்னை மத்தியானம் 35 டிகிரி, இங்க மறுநாள் காலையில 22ன்னா ரெண்டு கிட்ட போயிடும். கூட்டிக் கழிச்சா கேஜ்ல அரை பிஎஸ்ஐ கூட மாறாது, கிருஷ்ணகிரில டீ குடிக்கலாம், காத்து பாக்க வேணாம். இங்கேருந்து ஊட்டி போறப்போதான் காலையில ஒரு தடவை பாருங்க.

வால்வு நேரா இல்லாம சாஞ்சு நிக்குது. நட்ட டைட் பண்ணா நேராயிடுமா?

தயவு செஞ்சு பண்ணாதீங்க. பிரேக் பிடிக்கறப்போ, ஆக்சிலேட்டர் முறுக்கறப்போ டயர் ரிம் மேல கொஞ்சம் கொஞ்சமா நகருது, கூடவே டியூபயும் இழுத்துட்டு போகுது, வால்வு மட்டும் ஓட்டையில மாட்டி சாயுது. நட்ட ரிம்மோட இறுக்கினா வால்வு நகர முடியாம அடியில கிழியும், மேல சொன்ன வால்வு அடி கிழிசல் இதுதான், அதுக்கு பேட்ச் போடவும் முடியாது. ஓட்டறப்போ கிழிஞ்சா மொத்த காத்தும் ஒரே நொடியில போயிடும்.

காத்த இறக்கி, டயர மட்டும் ரிம் மேல நகந்த திசைக்கு எதிரா திருப்பி வால்வ நேராக்கி, சரியான காத்து பிடிங்க. நட்ட ரிம்ல இறுக்காம மேல கொண்டு போய் மூடியோட சேத்து இறுக்கி வெச்சா, அடுத்த தடவை சாய ஆரம்பிக்கறப்பவே கண்ணுக்கு தெரியும். காத்து கம்மியா ஓட்டறதுதான் முக்கால்வாசி காரணம், இன்னொண்ணு ஏத்தறப்போ தடவின எண்ணெய். சில பழைய வண்டில பின் ரிம்ல வால்வு மாதிரியே இன்னொரு போல்ட் நீட்டிட்டு இருக்கும், அது டயர் நகராம பிடிச்சு வைக்கிற பூட்டு, டயர் கழட்டறப்போ அத முதல்ல லூஸ் பண்ணணும், இல்லன்னா ஒரு மணி நேரம் நெம்பிட்டு எனக்கு போன் பண்ணுவீங்க.

ஸ்போக் வீல்ல டியூப்லெஸ் டயர் போட்டா பஞ்சர் தொல்லை போயிடும்ல?

டயர் டியூப்லெஸ்ஸா இருந்தாலும் ஸ்போக் ரிம்ல உள்ள டியூப் போட்டுத்தான் ஆகணும், நிப்பிள் ஓட்டை ஒவ்வொண்ணு வழியாவும் காத்து போயிடும். டியூப் இருக்குற வரைக்கும் பஞ்சர் தொல்லையும் அப்படியே இருக்கும். அப்படி போடறது தப்பில்ல, ஆனா டியூப்லெஸ் டயரோட பீடு இன்னும் இறுக்கமா இருக்கும், நடு ராத்திரி அத்திப்பள்ளி தாண்டி பஞ்சர் ஆனா நீங்களே கழட்டறது கஷ்டம். டிடி டயர் கிடைக்கறப்போ அதையே வாங்குங்க.

ஊருக்கு போறேன், வண்டிய மூணு மாசம் எடுக்க மாட்டேன். டயருக்கு என்ன பண்ணணும்?

பெரிய ஸ்டாண்டுல நிறுத்தி முன்னாடி எஞ்சினுக்கு அடியில ஒரு கட்டைய குடுத்து ரெண்டு வீலும் தரையில படாம வைங்க. முடியலன்னா காத்து ரெண்டு மூணு கூட பிடிச்சுட்டு, வீட்டுல இருக்குற யாரயாவது வாரம் ஒரு தடவை வண்டிய ஒரு அடி முன்ன பின்ன தள்ளச் சொல்லுங்க. வெயில் நேரா படாத இடமா இருக்கட்டும், கீழ எண்ணெய் சொட்டற வண்டின்னா, நம்மது எல்லாமே சொட்டும், டயருக்கு பக்கத்துல அட்டை போட்டு வைங்க. திரும்பி வந்ததும் காத்து பிடிச்சு, வெடிப்பு இருக்கான்னு டார்ச் அடிச்சு பாத்துட்டு, முதல் நாள் தெருவுக்குள்ளயே ஓட்டிப் பாருங்க. போறப்போ புது டயர் மாட்டிட்டு ஓட்டாமலே போயிருந்தா முதல் 150 கிலோமீட்டர் வளைவுல ரொம்ப சாய்க்காதீங்க, அச்சுல ஒட்டாம இருக்க தடவின வழுவழு பூச்சு புது ரப்பர் மேல இன்னும் இருக்கும்.